வாளா

சூலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கிருபையின் மகள் போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க..." அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

தீக்காய வார்டில் கிருபையோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். நானும் அவளும் ஒன்றாக நர்ஸ் வேலையில் சேர்ந்தவர்கள். மத்தியானம் சாப்பிட்டதும், அட்டை கிழிந்த ஒரு பழைய நாவலை அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். அதில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி 'வாளாவிருந்தாள்' என்று வந்தது.

"வாளா இருந்தாளாம், செல்வி. கிட்டப் போனா வெட்டிருவா போல" என்றாள் கிருபை. எனக்கும் சரியென்றே பட்டது. அன்றிலிருந்து கோபம் வந்தால், "இன்னைக்கு நான் வாளா இருக்கேன், யாரும் வாயக் குடுக்காதீக" என்பாள். வார்டே ஒதுங்கிப் போகும்.

சில அத்தியாயங்கள் தள்ளி, கொட்டுகிற மழையில் மாடுகள் வாளா நின்றன. கிருபை வாசிப்பதை நிறுத்தினாள். "மாடு எப்படி வாளாகும்?" பக்கங்களைத் திருப்பி அந்தப் பெண்ணிடமே போனோம். அவள் யாரையும் வெட்ட நினைக்கவில்லை. ஒன்றும் பேசாமல், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருக்கிறாள், பாவம். கிருபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை மெதுவாக வாசித்தாள்.

அந்த வருஷம் தீபாவளிச் சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பெண் பிழைக்கவில்லை. அவளுடைய தாய் வராந்தா பெஞ்சில் கல்லாய் இருந்தார். "அழுதுருங்கம்மா", "மனசத் தேத்திக்கோங்க" என்று சுற்றிலும் ஒரே பேச்சு. கிருபை எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டியூட்டி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அந்தத் தாய் அவள் தோளில் சாய்ந்து கதறிவிட்டார்.

"அப்படி என்ன சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வாளா இருந்தேன்" என்றாள். இந்தத் தடவை அர்த்தம் சரியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆமத்தூரில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவருக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலையெல்லாம் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார். "சிஸ்டர், கோவம் வந்தாலும் வாளா இருக்கேம்பா, பேசாம இருந்தாலும் வாளா இருக்கேம்பா. அதுக்கு என்னதான் அர்த்தம்? கேக்காமலே விட்டுட்டேன்."

சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் விட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

"சரி, புரியுது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிருபையிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அவளுக்கான நினைவுக் கூட்டத்தில் பேசக் கேட்டீர்கள், முடியாவிட்டால் எழுதியாவது கொடு என்றீர்கள். எழுதிவிட்டேன். கூட்டத்துக்கு வருவேன். பேசக் கூப்பிடாதீர்கள். கடைசி வரிசையில் வாளா இருப்பேன்.