கட்டைவிரலின் வைராக்கியம்

கடலூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற யாகப்பன், பிந்தி வரும் பஸ்ஸைக்கூட மன்னித்துவிடுவார். மனைவியின் தம்பி ஜேக்கப்பை மன்னிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் அவன் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. புருஷன் பேசாத இடத்தில் தனக்கென்ன பேச்சு என்று பெலிசியாவும் தம்பிக்குப் போன் போடுவதை விட்டாள்.

ஆனால் மஞ்சக்குப்பம் வீட்டில் தினமும் காலைக் காப்பியோடு ஒரு கேள்வி வரும். பெலிசியாவிடம் இருந்தது பட்டன் போன்.

"என்னங்க, பேஸ்புக்ல தம்பி ஏதாச்சும் போட்டிருக்கானா?"

"அவன் என்ன கலெக்டரா, தெனம் போட?"

சொல்வாரே தவிர, அவர் கண் அதைத்தான் தேடும். சிதம்பரத்தில் ஜேக்கப் கட்டும் வீடு படம் படமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று தள்ளிவிடுவார். லைக் போட்டால் தோற்ற மாதிரி. அவன் பேஸ்புக் பக்கத்துக்குள் போய்ப் பார்ப்பதோ, அவன் வாசலில் போய் நிற்கிற மாதிரி. "சன்னல் வச்சிட்டான்" என்று மட்டும் மனைவியிடம் முணுமுணுப்பார்.

பிறகு படங்கள் நின்றன. நண்டு கழுவும் வீடியோ ஒன்றை அவர் முழுதாகப் பார்த்திருந்தார். அதிலிருந்து போன் முழுக்க நண்டு.

"தம்பி?"

"ஒண்ணும் போடல."

ஒரு மத்தியானம், நண்டுகளுக்கு நடுவே ஜேக்கப் வந்தான். 'ஞாயித்துக்கிழமை புது வீடு மந்திரிப்பு. அக்கா வந்துதான் பால் காய்ச்சணும். மாமா கோவத்தோடயாவது வரட்டும். மொத பந்தி அவருக்குத்தான்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று வாரமாகியிருந்தது.

ரீசார்ஜ் கடை செம்பியனிடம் போனை நீட்டிச் சண்டைக்குப் போனார்.

"நீங்க தள்ளித் தள்ளி வுட்டா, இந்த ஆளு ஒங்களுக்கு ஆவாதுன்னு அது முடிவு பண்ணிடும் சார்."

"அப்ப இப்ப மட்டும் ஏன் காட்டுது?"

"அது அதோட இஷ்டம்."

ஊரில் ஒருவரும் நம்பாத அவருடைய வைராக்கியத்தை அந்த இயந்திரம் மட்டும் நம்பியிருந்தது. வீட்டுக்கு வந்து, மானத்தை விட்டு, ஜேக்கப்புக்குப் போன் போட்டார்.

"மச்சான், இப்பத்தான்டா பாத்தேன்."

"டைம் கீப்பரு லேட்டா பாத்தாராம்!" ஜேக்கப் சிரிக்கவில்லை. "வாயால கூப்புட எனக்கும் ரோசம் மாமா. அதான் அதுல போட்டேன். வீட்ட மந்திரிக்க சர்ச் சாமியாரு வந்து நிக்கிறாரு, பால் அடுப்புல ஏறல. எம் பொண்டாட்டி வாசலையே பாத்துக்கினு இருந்தா."

"அப்புறம் யாரு காய்ச்சுனது?"

"கொழுந்தியா."

"நாங்க நாளைக்கே வர்றோம்டா."

"வாங்க மாமா. ஆனா இன்னொரு தடவ மந்திரிக்க முடியுமா?"

திரும்பினால் பெலிசியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"ஒண்ணும் போடலன்னு சொன்னீங்களே."

"எனக்குக் காட்டல பெலிசி, சத்தியமா."

"ஒங்களுக்கு அது காட்டல. எனக்கு நீங்க காட்டல" என்றாள். "ரெண்டையும் நம்பிக்கினு ஒக்காந்திருந்தேன் பாருங்க."

அவள் உள்ளே போனபின் யாகப்பன் ஜேக்கப்பின் அந்த அழைப்புக்கு லைக் போட்டார். அழுத்திப் போட்டார்.

மறுநாள் காலையிலிருந்து நண்டைக் காணோம். யார் யாருடைய புது வீட்டிலோ, யார் யாருடைய அக்காமாரோ பால் காய்ச்சினார்கள். ஒவ்வொன்றும் பொங்கி வழியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது, கேள்வி வரவில்லை.