மூன்று வீடு சுற்றிய ஷிராஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன். அடிலெய்டிலிருந்து நேசனின் போன்.

"மச்சான், சனிக்கிழமை ரொறன்ரோவில நிப்பன். போத்தல் கவனமாக் கிடக்குத்தானே?"

"ஓம் மச்சான், பத்திரமாக் கிடக்கு" என்றேன். வாய் நிறையப் பற்பசை இருக்கும்போது பொய் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது!

நேசன் என் பள்ளிக்கூடத் தோழன். நான் கனடாவுக்கு ஓட, அவன் அவுஸ்திரேலியாவுக்கு ஓடினான். அங்கே வைன் தயாரிக்கும் ஒரு சின்ன வைனரியில் வேலை கிடைத்தது. ஒரு தகரக் கொட்டகை, நூறு வயது தாண்டிய திராட்சைக் கொடிகள், நாலாம் தலைமுறையாக அதை நடத்திவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்... அவ்வளவுதான் வைனரி. தொட்டிக்குள் இறங்கி, நொதித்த திராட்சைத் தோலை மண்வாரியால் அள்ளிப் போடுவது நேசனின் வேலை. முதல் வருஷம் முழுக்க அவன் கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தனவாம்.

அந்த முதல் வருஷம் செய்த ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் ஒரு போத்தலை, பதினாறு வருஷங்களுக்கு முன் இங்கே வந்தபோது என் கையில் தந்தான். இருட்டில் வைக்க வேண்டும். படுக்கப் போட வேண்டும். ஆட்டக் கூடாது. எங்களுக்கு அறுபது வயதாகும்போது திரும்பி வருவானாம், சேர்ந்து உடைப்போமாம். நான் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். கண்கூடக் கலங்கியதாக ஞாபகம்.

மூன்றே வருஷத்தில் அதைக் கொண்டுபோய் ஒரு குடிபூரலுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை. லிக்கர் ஸ்ரோர் பூட்டியாகிவிட்டது. பக்கத்து ஊர் விட்பியில் குடும்ப நண்பன் ரவி புதுவீடு வாங்கியிருக்கிறான். மனைவி காருக்குள் இருந்து ஹோர்ன் அடிக்கிறாள். வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு கிஃப்ட் பாக், மேலே இரண்டு டிஷ்யூ — நட்பு நாற்பது செக்கனில் பொதியாகிவிட்டது. போன மாதம் இதே பத்தியில் நட்பின் அருமை பற்றி உருகி உருகி எழுதியவனும் நான்தான்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைக் கொப்பளித்தேன். அதற்குள் நேசனின் குரல் இறங்கிவிட்டது.

"கிழவர் போய்ச் சேர்ந்திட்டார்டா. பிள்ளையள் காணியை வித்திட்டினம். கொடியெல்லாத்தையும் பிடுங்கி வீடு கட்டுறாங்கள். அந்த வருஷத்து வைன் வைனரியிலயும் இல்லை, என்னட்டையும் இல்லை. எனக்குத் தெரிய மிஞ்சிக் கிடக்கிறது உன்ரை ஒண்டுதான்."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது எப்படி? எனக்குத் தெரிந்த நாகரிகங்களில் அதற்கு வழியில்லை. யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன். ரவிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, குடிபூரலுக்குத் தந்த வைன் ஞாபகம் இருக்கே? அதில ஏதோ பிழையாம். கம்பனி திருப்பி எடுக்குதாம். உடம்புக்குக் கூடாதாம்."

"அண்ணை... அதை நாங்கள் குடிக்கேல்லை. எங்கட வீட்டில ஆர் வைன் குடிக்கிறது? அஜக்ஸில இருக்கிற செல்வி அக்காவின்ரை கலியாண வெள்ளிவிழாவுக்குக் குடுத்திட்டம். ஐயோ, அந்தச் சனம் குடிச்சுதோ தெரியாது!" போனை வைத்துவிட்டான்.

பத்து நிமிஷம் ஆகவில்லை. செல்வி அக்கா லைனில் வந்தார்.

"தம்பி, நீர் சுகமாத்தானே இருக்கிறீர்?"

"ஏனக்கா?"

"நாங்கள் அதைத் தொடேல்லை, ராசா. உம்முடைய அம்பதாவது பிறந்தநாளுக்கு உமக்குத்தான் தந்தனாங்கள்! குடிச்சிட்டீரே? டொக்டரிட்டப் போம், தம்பி!"

விஷம் என்று நான் கட்டிய கதை மூன்று வீடு சுற்றி என்னையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தது.

பேஸ்மென்டுக்குப் பாய்ந்தேன். படிக்குக் கீழே, யாருக்காவது கொடுக்கலாம் என்று நாங்கள் பிரிக்காமலே குவித்து வைத்திருக்கும் கிஃப்ட் பாக்குகளின் மலை. மெழுகுதிரி, போட்டோ பிரேம், மறுபடியும் மெழுகுதிரி... அடியில், இருட்டில், குளிரில், நேசன் சொன்னபடியே படுத்துக் கிடந்தது போத்தல்!

"இப்பவாவது அந்தாளிட்ட உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

"என்னத்துக்கு? போத்தல் கிடக்குத்தானே?"

சனிக்கிழமை மத்தியானம் நேசன் வந்தான். தலை முழுக்க நரை. போத்தலைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கினான். தக்கை பாதியில் உடைந்தது. நிதானமாக எடுத்தான். அடியில் மண்டி இருக்கும் என்று, எங்கள் தேத்தண்ணி வடியால் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வடித்தான். மண்டி எவ்வளவு என்று பார்க்கப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கியவன், அப்படியே நின்றுவிட்டான்.

போத்தலின் அடியில் ஒரு சின்ன ஸ்ரிக்கர். என் கையெழுத்து. "ரவி குடும்பத்துக்கு, அன்புடன்."

சத்தமாக வாசித்தான். "ஆரடா ரவி?"

மனைவிக்கு அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். விட்பி, அஜக்ஸ், விஷக்கதை, ஒன்றையும் விடவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"டேய், நான் உனக்கு ஒரே ஒரு வேலைதானேடா தந்தனான்? ஒண்டும் செய்யாமல் இருக்கிற வேலை. அதையும் செய்யேல்லையே நீ."

சும்மா இருக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட முதல் சோம்பேறி நான்தான்.

இரண்டு கிளாஸில் ஊற்றினான். நான் ஒரு வாய் குடித்தேன். புளியம்பழத்தைப் பழைய தோல்சப்பாத்துக்குள் ஊறவைத்த மாதிரி இருந்தது. சோடா கலக்கலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். "கிழவர் சொன்னவர், இது ஆறுதலாத்தான் வாய் திறக்கும், ருசி காட்ட நேரம் எடுக்கும் எண்டு" என்றான். "சரியாத்தான் சொல்லியிருக்கிறார், மனுசன்."

பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "என்னட்டையும் ஆறு போத்தல் இருந்ததடா. மகள் பாஸ் பண்ணினது எண்டு ஒண்டு, வேலை போச்சுது எண்டு ஒண்டு... அஞ்சு வருஷத்தில எல்லாம் முடிஞ்சுது. உன்னட்டை இருந்திருந்தாலும் நீயும் குடிச்சிருப்பாய்."

உண்மைதான். வைனின் அருமை தெரிந்தவனால் காப்பாற்ற முடியவில்லை. அருமை தெரிந்ததாக நடித்தவனாலும் முடியவில்லை. யாருக்குமே வேண்டாத பொருளாக வீடு வீடாகப் போனதால்தான் அது பிழைத்தது. கிழவர் இரண்டு வருஷம் பீப்பாயில் வைத்தார். மிச்சத்தை எங்கள் சனத்தின் விஸ்கி ஆசை பார்த்துக்கொண்டது.

அரை மணித்தியாலம் கழித்து நான் இன்னொரு வாய் குடித்தேன். சப்பாத்து வாடை போய்விட்டது. என்ன வந்தது என்று சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை. கிளாஸை மட்டும் இன்னொரு தரம் நீட்டினேன். அப்போதுதான் நேசன் சிரித்தான்.

போகும்போது சூட்கேஸிலிருந்து ஒரு போத்தல் எடுத்துத் தந்தான். இப்போது வேலை செய்யும் வைனரியின் ஷிராஸாம்.

"எத்தினை வருஷம் வைக்கோணும்?"

"பதினைஞ்சு."

"அப்ப எங்களுக்கு எழுபத்தைஞ்சடா."

"ஓம். அதுதான், நீ வைச்சிருக்காத. வைன் பிடிக்காத ஆக்களாப் பார்த்துக் குடு."

வாசகர்களே, உங்களில் அப்படி யாராவது உண்டா? அவசரமில்லை... பதினைந்து வருஷம் உறுதியாகப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.