மூன்று ரெட்டு எத்தனை?

கணிதம் கற்பிக்கும் தொழிலில் தவறான விடை எழுதுகிறவர்களால் யாருக்கும் தலை நரைப்பதில்லை. கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதுகிறவர்களால்தான் நரைக்கிறது. கரும்பலகைக்கு எந்தப் பக்கத்தில் நின்று அவதிப்பட்டிருந்தாலும் நீங்கள் இதை அறிவீர்கள். ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த காலத்தில், சித்தூரில் ஓர் அரிசி மண்டியின் மேல்மாடியில் இயங்கிய தனிப்பயிற்சிக் கல்லூரியில் நான் கணித ஆசிரியை. பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் பி.ஏ. தேர்வுக்குப் படிக்க வரும் ஆடவர்களே என் மாணவர்கள். பெரும்பாலோர் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் அனைவரும் ஒருமுகமாக அஞ்சிய பகுதி ஒன்று இருந்தது. மாறியை இரண்டு மடங்காக்கினால் அல்லது மூன்று மடங்காக்கினால் சார்பின் மதிப்பு என்னவாகிறது என்று மட்டும் வினாத்தாளில் சொல்லியிருப்பார்கள்; அதைக்கொண்டு அந்தச் சார்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவருடைய நடையை மட்டும் வருணித்துவிட்டு அவருடைய பெயரைக் கேட்பது போன்ற வினா.

நிர்வாகக் குழுவின் தலைவர் தெலுங்கர், வக்கீல். ராஜ்யம் பிரிந்ததும் என்னை அழைத்து நிபந்தனையைச் சொல்லிவிட்டார். எல்லைத் தகராறு தீரும்வரை நான் தமிழிலேயே நடத்தலாம். தீர்ந்த பிறகு குழுவின் முன்னால் தெலுங்கில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என் தமிழ் மாணவர்களுக்கு அது புரிந்தால் வேலை எனக்கு, புரியாவிட்டால் வேறொருவருக்கு. எனக்குத் தெலுங்கு வருமா என்ற ஐயம் அவருக்கு இல்லை. சித்தூரில் பிறந்து, மிஷன் பள்ளியில் இரண்டு மொழியிலும் பரிசு வாங்கியவள் நான். ஆனால் என் பிழைப்பு என் நாக்கில் இல்லை, பிறர் காதில் இருந்தது. வேலூருக்குப் போய்விடலாமே என்றார்கள் உறவினர்கள். போக எனக்கு விருப்பமில்லை என்பதை ஒரே முறை சொன்னேன். மறுபடி யாரும் கேட்கவில்லை.

யார் வீட்டு பங்ஷன்?

சார்பு என்ற சொல் புத்தகத்தில்தான் இருந்தது. வாயில் வந்தது ‘பங்ஷன்’ என்பதே. என் மாணவர்களில் முனுசாமி என்று ஒருவர். பாலசமுத்திரம் பக்கத்தில் கொஞ்சம் நிலம், சித்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை. ஒரு மாலை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய மனைவி கங்கம்மா படியேறி வந்து வாசலில் நின்றார்.

“யாரு ஊட்டு பங்ஷனுங்க இது? தெனம் சாயங்காலம் பங்ஷன், பங்ஷன்னு இந்தாளு கெளம்பிக்கினு வர்றாரு. ஊட்டுக்கு வந்து ரெண்டாளு சோறு துன்றாரு. இங்க எலை போட மாட்டீங்களா?” என்று கேட்டார். முனுசாமி பெஞ்சுக்கடியில் பென்சில் தேடத் தொடங்கினார்.

நான் பலகையில் இருந்த f(2x) = f(x) என்பதைச் சுட்டிக்காட்டி, இதுதான் அந்த பங்ஷன் என்று முறையாக விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பலகையைப் பார்த்தார், பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களின் முகங்களைப் பார்த்தார். “பங்ஷன்னா ஒருத்தராச்சும் சிரிச்சிக்கினு இருக்கணும். இது கருமாதிங்க, டீச்சரம்மா.”

பூஜ்யத்தை விசாரித்தீர்களா?

அதே f(2x) = f(x) தாலுகா கச்சேரி குமாஸ்தா நாராயண ரெட்டியை ஏற்கெனவே ஒரு முறை தேர்வில் வீழ்த்தியிருந்தது. வழி எளியது. x-க்கு உள்ள மதிப்பே அதன் பாதிக்கும். பாதியின் பாதிக்கும் அதே மதிப்பு. இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தின் வாசலுக்கு வந்துவிடுவோம். அங்கே சார்பு தொடர்ச்சியாக இருந்தால், எல்லா மதிப்பும் பூஜ்யத்தில் உள்ள மதிப்பேதான், சார்பு மாறிலி. ரெட்டி எல்லாவற்றையும் எழுதுவார். பூஜ்யத்தில் தொடர்ச்சி உண்டா என்பதை மட்டும் கேட்கமாட்டார். அந்த நிபந்தனை இல்லாவிட்டால், x இரட்டிக்கும்தோறும் ஒரு முறை ஏறி இறங்கி அதே உயரத்துக்குத் திரும்புகிற அலைகூட இந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்திவிடும். ஆகவே யார் எந்த விடையோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது, “பூஜ்யத்தை விசாரித்தீர்களா?” என்பதுதான். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பூஜ்யத்தம்மா’ என்று அழைத்தார்கள். முன்னால் அழைக்கும் தைரியம் எவருக்கும் இருந்ததில்லை.

இரண்டாம் முறை தேர்வுக்குத் திருப்பதி போன ரெட்டி, தேறினால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ளாமல், முன்னதாகவே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு தேர்வு எழுதிவிட்டு வந்தார். கடவுளுக்கு முன்பணம் கொடுப்பது எங்கள் கிறிஸ்தவ சபையில் வழக்கமில்லை. அதனால் காரணம் கேட்டேன். “எக்ஸே பூஜ்யத்துக்குப் போயேபோயிந்தி அம்மா, இந்த ஜுட்டு மட்டும் எதுக்குத் தலைமேல நிக்கணும்?”

கம்பளிப்பூச்சி

முனுசாமியின் வேர்க்கடலைக் கொல்லையில் கம்பளிப்பூச்சி விழுந்தது. விவசாய டிப்போவில் பூச்சிமருந்து கொடுத்த தெலுங்கர், தண்ணீர் ‘மூடு ரெட்லு’ கலக்கச் சொல்லி அனுப்பினார். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. ரெட்லு என்றால் மடங்கு. மூன்று மடங்கு தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் முனுசாமியின் ஊர்த் தமிழில் ரெட்டு என்றால் இரட்டிப்பது. அவர் மருந்தின் அளவை ஒரு முறை இரட்டித்தார், அதை இன்னொரு முறை இரட்டித்தார், மூன்றாம் முறையும் இரட்டித்தார். இரண்டு, நான்கு, எட்டு. எட்டு மடங்கு தண்ணீர் ஊற்றி, வரப்பு தவறாமல் தெளித்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வாடிய முகத்தோடு வந்தவரிடம் பயிர் என்னவாயிற்று என்று கேட்டேன். “பூச்சிக்குத் தாகம் தீந்துச்சிங்க” என்றார். நான் ரெட்லு என்ற சொல்லின் பொருளை, எடுத்துக்காட்டுடன், இரு மொழியிலும் விளக்கினேன். எதிர்காலத்தில் எனக்கே அது தேவைப்படும் என்பதால் சற்று அதிகமாகவே விளக்கினேன். முனுசாமி ஒப்புக்கொள்ளவில்லை. “மூணு வேணும்னா மூணுன்னு கேக்கணுங்க. நடுவுல ரெட்டு எதுக்கு?”

மாமனார் வேறு ராஜ்யம்

ஒருவழியாக எல்லை முடிவாயிற்று. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சத்தியவேடுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. பெஞ்சுகளில் பாதிப் பேருக்கு ஒரு உறவினராவது அயல் ராஜ்யத்தார் ஆகிவிட்டார். தலைவரிடமிருந்து எனக்கும் ஆள் வந்தது: அடுத்த வாரம் பாடம், திருப்பதியிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியரும் பார்க்க வருகிறார்.

அன்று வகுப்பில் எவரும் கணிதத்தில் இல்லை. முனுசாமியின் மாமனார் திருத்தணிக்காரர். “உங்கள் மாமனார் இனி வேற்று ராஜ்யத்துக்காரர். வருத்தமா?” என்று ரெட்டி சீண்டினார். முனுசாமி எழுந்து, நான் அழைக்காமலே பலகைக்கு வந்து, f(2x) = f(x) என்று எழுதினார். “தூரம் ரெண்டு பங்கு ஆனாலும், ராஜ்யமே வேற ஆனாலும், வந்தா பத்து நாளு தங்குவாரு. மனுசன் மாறிலிங்க.”

குழுவின் முன்

தலைவரும் பேராசிரியரும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். நான் தெலுங்கில் தொடங்கினேன். குறை சொல்ல இடமில்லாத தெலுங்கு அது; எனக்கே தெரியும். ஒரு வாரமாக அந்த ஒரு சொல்லை விலக்க வேறு சொல் தேடியிருந்தேன். தெலுங்கில் மடங்கைச் சொல்ல ரெட்லுதான் இயல்பான சொல்; பேராசிரியர் முன்னால் சுற்றி வளைத்துப் பேச என் தன்மானம் இடம் தரவில்லை. சொன்னேன்: “எக்ஸுனு மூடு ரெட்லு சேஸ்தே, விலுவ கூடா மூடு ரெட்லு அவுதுந்தி.” x-ஐ மூன்று மடங்காக்கினால் மதிப்பும் மூன்று மடங்காகும், பூஜ்யத்தில் சார்புக்குச் சாய்வு உண்டு, சார்பு எது?

விடை சொல்ல யாரை அழைப்பது என்பதை நான் தீர்மானித்திருந்தேன். தலைவரும் தீர்மானித்திருந்தார். “அந்தக் கடைசி பெஞ்சுக்காரர், தமிழர்தானே? அவர் வரட்டும்.”

முனுசாமி வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில், f(8x) = 8f(x) என்று எழுதினார்.

மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கீழே கேட்டது. தலைவருக்குக் கணிதம் தெரியாது. ஆனால் மூன்றுக்கும் எட்டுக்கும் வேறுபாடு தெரியும். அவர் புருவம் உயர்ந்தது. என் வேலை அந்தப் புருவத்தில் ஏறிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். துடைப்பானை எடுக்கக் கை போனது. எடுத்தால் அவருக்குப் புரியவில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். “கானிவ்வண்டி” என்றேன், நடக்கட்டும் என்று பொருள்.

நடந்தது. முனுசாமி முதலில் பூஜ்யத்தை விசாரித்தார்: x பூஜ்யமானால் f(0) = 8f(0), ஆகவே f(0) பூஜ்யம். பிறகு சார்பை x-ஆல் வகுத்தார்; x-ஐ எட்டால், மறுபடி எட்டால் வகுத்துப் பூஜ்யத்தின் வாசல்வரை கொண்டுபோனார்; அங்கே உள்ள சாய்வை c என்றார்; f(x) = cx என்று எழுதிக் கீழே கோடு இழுத்தார். ஒரு வரிகூடத் தவறவில்லை. நான் நாராயண ரெட்டியை அழைத்து, பலகையின் மறுபாதியில் அதே கணக்கைச் செய்யச் சொன்னேன். அவர் மூன்று என்று எழுதி, மூன்றால் வகுத்து, அதே வாசலுக்குப் போய், அதே f(x) = cx என்ற இடத்தில் வந்து நின்றார்.

தலைவர் தமிழில் கேட்டார்: “ஏம்ப்பா, டீச்சரம்மா மூடு ரெட்லுன்னாங்களே, நீ ஏன் எட்டு போட்டே?”

“மூணு ரெட்டு எட்டுதானுங்களே.”

“மூடு ரெட்லுன்னா மூணு மடங்கப்பா!”

“அது டிப்போவுலங்க, ஐயா. இது கணக்கு.”

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து இரண்டு பாதிகளையும் மேலிருந்து கீழ்வரை படித்து, இரண்டும் சரி என்றார். மூன்றால் பெருக்கினாலும் எட்டால் பெருக்கினாலும் இந்தச் சார்பு இதுதான் என்றும், பூஜ்யத்தை முதலில் விசாரிக்கிற மாணவர்களைத் தம் வகுப்பில் தாம் இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். தலைவர் மசியவில்லை. “அதெல்லாம் சரி. அவருக்கு இந்த அம்மாவின் தெலுங்கு புரிந்ததா இல்லையா? நிபந்தனை அதுதானே?”

நான் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். “எட்டு என்ற எண்ணை அவர் டிப்போவிலிருந்து கொண்டுவந்தார். பூஜ்யத்தில் சாய்வு உண்டு என்று நான் தெலுங்கில்தான் சொன்னேன். அது புரியாமல் இந்த விடைக்கு வந்திருக்க முடியாது. தீர்க்கும் முறையை என்னிடமிருந்து கற்றார். இவற்றில் எதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று குழுவே முடிவு செய்துகொள்ளட்டும்.”

தலைவர் பலகையின் இரு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முனுசாமியை அருகே அழைத்து, அந்த டிப்போவில் என்னதான் சொன்னார்கள் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். கம்பளிப்பூச்சி மருந்தின் விவரம் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “எடம் உங்களுதே, அம்மா. பாடம் தெலுங்குல நடக்கட்டும். அந்த ரெட்டு வர்ற எடத்துல மட்டும் தமிழ்ல சொல்லிடுங்க. என் கொல்லையிலயும் தமிழாளுங்கதான் மருந்தடிக்கிறாங்க.”

ஓய்வு பெறும்வரை நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன் என்பதால், எதனால் பெருக்கினாலும் இடம் மாறாதவற்றின் வரிசையில் முனுசாமியின் மாமனாருக்குப் பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.