கண் திறந்த வில்லன்

தர்மேந்திரன் எஸ்டேட்டில் வளர்ந்தவன். பாம்புக்கும் பயப்படமாட்டான், காட்டுப்பன்றிக்கும் பயப்படமாட்டான். அவனுக்குப் பயம் எல்லைச்சாமியான முனியிடம்தான். மந்தின் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தின் எல்லையில், முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக நிற்கும் முனியைத் தாண்டும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கித் தலை குனிவான். முப்பது வயதிலும் அப்படித்தான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: வீடியோ கேம்களுக்கு வில்லன் வரைவது. பக்கத்து ஊரான செண்டாயானில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம். கேமை விற்பவர்கள் கடல் கடந்த ஊர்க்காரர்கள். இந்த முறை முதலில் ஒரு சீனத் தளபதியை வரைந்தான். சீனாவில் விற்க வேண்டும், மாற்று என்றார்கள். அரபுக் கொள்ளைக்காரனாக்கினான். அங்கேயும் வாங்குகிறார்கள், மாற்று என்றார்கள். காசு கொடுப்பவனை வில்லனாக்க எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்?

கடைசியில் மேலாளர் ஹேமநாதன் வழி சொன்னார். "நம்ம ஆளு மாதிரி வரைஞ்சிரு லா. நம்ம பக்கம் எவன் காசு கொடுத்து கேம் வாங்குறான்? எல்லாம் திருட்டு காப்பி. கோவப்பட்டாலும் கம்பெனிக்கு நட்டம் இல்ல."

தர்மேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுக்கவில்லை. அவனே பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு சிடியில் விளையாடி வளர்ந்தவன். வேலையும் போய்விடக் கூடாது. பென்சிலை எடுத்தால் தெரிந்த முகம்தான் வந்தது: மீசை, சுருட்டு, அரிவாள். எல்லாருக்கும் பிடித்திருந்தது, கண்ணைத் தவிர. கண்ணில் உயிரில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தான். கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறந்து உயிர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறான். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தி, கண்ணாடி காட்டி, மனதுக்குள் முனியை அழைத்துக் கருவிழியை வரைந்தான். படம் உடனே தேறிவிட்டது. விளையாடுபவன் அந்தக் கழுத்தை வெட்டினால்தான் ஆட்டம் முடியும் என்பது, மாலையில் எல்லையைத் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒரே ஆறுதல், அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை என்பது. வெள்ளிதோறும் முனிக்கு விளக்கு வைப்பவள் அம்மா முத்தாயிதான். மகன் வில்லன் படம் வரைகிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்க ஆளில்லாததால் விளையாட்டு இங்கே கடைக்கே வராது.

கடைக்கு வராதது வீட்டுக்கு வராமலா இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாரி ஓட்டும் தம்பி மகேந்திரன் கூடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"புது கேம்ணே. கூட்டாளி ஓசில ஏத்திக் கொடுத்தான். வில்லன் நம்ம முனி மாதிரியே இருக்கான், பாரேன். இவன் கழுத்த வெட்டுனாத்தான் ஜெயிக்க முடியும்."

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த முத்தாயி திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கைகள் தாமாகவே கும்பிட்டன.

"இது நீ வரைஞ்சதா, ஐயா?"

தலையாட்டினான்.

"என்னையே பாக்குதே. கண்ணு தொறந்தியா?"

"தொறந்தேம்மா. சூடம் காட்டி."

முத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மகேந்திரன் விளையாடுவதை விட்டுவிட்டுக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தர்மேந்திரனுக்கு.

"கூப்பிட்டு ஒக்கார வெச்சிட்டு வெட்டுறதா? பாவம்டா," என்றாள் அம்மா மெல்ல. "சரி, ஆனது ஆச்சு. இது இருக்குற வீட்டுக்கெல்லாம் நானே போறேன். எலுமிச்சம்பழம் வெட்டி, சுருட்டு வெச்சு, எல்லைக்கே வந்துரு சாமின்னு கேட்டுக்குறேன். எந்தெந்த வீடுன்னு சொல்லு."

காசுக்கு விற்றதென்றால் யார் யார் வாங்கினார்கள் என்று கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம். இது திருட்டு காப்பி. தர்மேந்திரன் தம்பியின் பக்கம் திரும்பினான். "ஒனக்கு இத கொடுத்தவனுக்கு யாரு கொடுத்தா?"

"நெட்ல யாரோ போட்டிருக்கான்ணே."

"அத யாரு யாரு எடுத்திருக்கா?"

"அது யாருக்குண்ணே தெரியும்?"

அம்மா பதிலுக்காக இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து முனியும்.