எழுபத்தாறாம் பக்கம்

போன வாரம் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு டீச்சர் வந்து என்னைக் கூப்பிட்டார். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் புதிதாக என்னென்ன புத்தகங்கள் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டுமாம். இந்த வேலை என்றால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நூலக அறையில் நாலு பீரோ இருந்தன. நாலுக்கும் கண்ணாடிக் கதவு, நாலுக்கும் பூட்டு. டீச்சர் ஒன்றைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. போன வருஷம் நான் சொல்லி வாங்கிய புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"பசங்க கையில குடுத்தா கிழிச்சிட்றாங்க மேடம். அதான் பத்திரமா வெச்சிருக்கோம்," என்றார் பெருமையாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். இந்த வயசில் கத்தினால் நமக்குத்தான் மயக்கம் வருகிறது. பேசாமல் திரும்பி வந்து, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பட்டியல் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மூக்கில் அந்தப் பாச்சா உருண்டை வாசனை மட்டும் நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த வாசனையிலேயேதான் வேலை. திருவண்ணாமலைக் கடைத்தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அரிசி மண்டிக்கு மேலே மாடியில் ஒரே ஹால். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்பிங் கற்றுக்கொண்டிருந்த என்னை அங்கே உதவியாளராகப் போட்டார்கள். உதவியாளர் என்றால் பெருக்குவது, பேப்பர்களைக் கழியில் மாட்டுவது, தூங்குகிறவர்களை எழுப்புவது. எழுப்பினால் திட்டுவார்கள். வெயில் காலத்தில் கிரிவலம் முடித்து வந்தவர்கள்கூட மாடியேறி வந்து ஃபேனுக்கு நேரே படுத்துவிடுவார்கள். அவர்களையும் வாசகர் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் படிப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடியில் புதுப் புத்தகம் வாங்குவோம். வாங்கியதை யாருக்கும் தர மாட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்துப் பூட்டிவிடுவோம். கார்த்திகை தீபத்தை ஒட்டி ஆண்டு விழா வரும். வெளியூரிலிருந்து வரும் பெரிய மனிதர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுவார். அவர் பார்க்கும்போது புத்தகம் மொடமொடவென்று இருக்க வேண்டும். விழா முடிந்தால் பெட்டியிலிருந்து பீரோவுக்குப் போகும். அங்கேயும் ஒரு பூட்டு. பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த பீரோவிலிருந்து எடுத்துத் தரக் கூடாது என்று சட்டம். குழந்தைகள் புத்தகத்தைக் குழந்தைகளுக்குத் தரக் கூடாது! எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, அவரைப் பார்த்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? சந்தேகம்தான். அப்போது நான் பெரிய கோழை. அது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த வருஷம் சிறுவர் புத்தகப் பட்டியலை என்னையே எழுதச் சொன்னார் காரியதரிசி. வழக்கமான தலைவர் வரலாறுகள், நீதிக் கதைகள், பொது அறிவு வினா விடைகள் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் நைசாக ஒரு கதைப் புத்தகத்தைச் சேர்த்தேன். மலையில் தொலைந்துபோன தம்பியைத் தேடிப் போகிற பன்னிரண்டு வயது அக்காவின் கதை. ஒரு சின்னப் பதிப்பகத்தின் விலைப் பட்டியலில் அந்த ஒரு வரியைத்தான் பார்த்திருந்தேன். படிக்காமலேயே பரிந்துரை. 'வாங்குவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் 'சகோதர பாசத்தை வளர்க்கும்' என்று எழுதினேன். உடனே ஒப்புதல் ஆகிவிட்டது.

புத்தகம் வந்து பெட்டிக்குள் போன மறுநாள் நசீமா வந்தாள். ஏழாவது படிக்கிற பெண். அவள் அப்பாவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிற கடை. ஸ்கூல் விட்டதும் மாடியேறி வந்தவள், கண்ணாடிமேல் மூக்கை வைத்து, விரித்திருந்த இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தாள்.

"அக்கா, அடுத்த பக்கம்?"

"தொறக்கக் கூடாதும்மா. தீபம் கழிச்சுத்தான்."

"எங்க அத்தாகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல தொறந்துடுவாரு," என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், மேஜை இழுப்பறையில் இருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். புத்தகத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து விரித்து வைத்துப் பூட்டினேன். அதிலிருந்து தினம் ஒரு தாள் திருப்புவேன். தினமும் சாயந்திரம் அவள் வந்து நின்றபடியே இரண்டு பக்கம் படிப்பாள். நானும் அவள் பக்கத்தில் நின்று அதே இரண்டு பக்கத்தைப் படிப்பேன்.

"நீங்க முன்னாடியே படிச்சிடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க," என்றாள். பண்ணினேன்.

படிக்கும்போது சும்மா இருக்க மாட்டாள். "இன்னாக்கா இது, மலைமேல இவ்ளோ ஜாஸ்தி தண்ணி எங்க கெடைக்கும்? நம்ம மலைக்கு வந்து பாக்கச் சொல்லுங்க இந்த ஆள!" என்று எழுதியவரைத் திட்டுவாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. சட்டத்தையும் மீறவில்லை, பிள்ளையையும் படிக்க வைத்தாயிற்று என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுக்க அரை நிமிஷம் போதும். அந்த யோசனைகூட வராத அளவுக்குச் சாமர்த்தியம்!

எழுபத்தைந்தாம் பக்கம் வரை வந்துவிட்டோம். மொத்தம் தொண்ணூற்றாறு. அக்கா உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பாறையருகே போய் நிற்கிறாள். பின்னால் ஏதோ முனகல் கேட்கிறது. பக்கத்தின் கடைசி வார்த்தை 'அவள்'. வாக்கியம் அதோடு நின்றது. நசீமா கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள், தட்டினால் பக்கம் திரும்பிவிடும் என்பதுபோல.

மறுநாள் காலை எனக்கு முன்பே காரியதரிசி வந்திருந்தார். யாரோ விருந்தாளிக்குக் காட்ட வந்தவர், தான் படம் தெரிகிற மாதிரி நடுவில் விரித்து வைத்த புத்தகம் வேறெங்கோ விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நீ தொறந்தியாம்மா?"

"இல்லீங்க சார்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம். அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

"பூட்டு ஒடையல. சாவி உங்கிட்டயும் எங்கிட்டயும்தான் இருக்கு. தெனம் அந்தப் பூட்டுக்காரன் பொண்ணு வந்து பெட்டிகிட்டயே நிக்கிறாளாமே?" என்றவர், அன்று சாயந்திரம் அவள் வந்ததும் ஆள் அனுப்பி அவள் அப்பாவை வரவழைத்தார்.

அவர் கையில் எண்ணெய்க் கறையோடு மாடியேறி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். ஹாலில் பத்துப் பேர் பேப்பரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கள்ளச்சாவி போட்டுக் குடுத்தியா பொண்ணுக்கு?"

"சார், நான் பூட்டு ரிப்பேர் பண்றவன். திருட்றவன் இல்லீங்க," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "யாரும்மா தொறந்தது? சொல்லு," என்றார்.

நசீமா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியாது அத்தா," என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பெண் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அவர் அவளை ஓங்கி ஒரு அறை அறைந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரு குழந்தை ஒரு கதையின் அடுத்த பக்கத்தைப் படிக்க ஆசைப்பட்டதற்கு அந்த ஊர் கொடுத்த பரிசு அது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அவரை நினைத்து அல்ல. அந்தக் காரியதரிசியை, அந்தப் பெட்டியை, வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் கழுதையை நினைத்து.

மூன்றாம் நாள் துணிச்சல் வந்து காரியதரிசியிடம் உண்மையைச் சொன்னேன். "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார். நசீமா வீட்டுக்குப் போய்ச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவள் அதன்பின் மாடியேறவே இல்லை என்று பேப்பர் போடுகிறவர் சொன்னார்.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. வேலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நாலு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அவளே அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தாள்.

"அக்கா, அந்தத் தம்பி கெடைச்சானா?"

வேறு எதையும் கேட்கவில்லை.

"கெடைச்சுட்டான்மா," என்றேன்.

"உசுரோடவா?"

"ம். பாறைக்குப் பின்னாடியேதான் இருந்தான்."

அவள் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன்," என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

நான் அந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்கவே இல்லை. இரண்டாவது முறையும் பொய்.

அப்புறம் தேடாத இடமில்லை. படிப்பகம் மூடியபோது பீரோவில் இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டார்களாம். ஒரு தாள்கூட மடங்காமல், அப்படியே புதுசாகப் போயிருக்கும். மாடியில் இப்போது லாட்ஜ். பதிப்பகத்தையும் எப்போதோ மூடிவிட்டார்கள். பழைய புத்தகக் கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்ததும் "இல்லீங்கம்மா" என்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். முதலில் அந்தப் பூட்டுகளைக் கழற்றுங்கள், பிள்ளைகள் கிழிக்கட்டும், அப்புறம் பட்டியல் தருகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பாறைக்குப் பின்னால் யார் முனகினார்கள் என்று எனக்கும் தெரியாது, நசீமாவுக்கும் தெரியாது. எழுபத்தாறாம் பக்கத்தை எங்கள் ஊரில் யாருமே படிக்கவில்லை.