மங்களம் பாடாத நாடகம்

மல்லேஸ்வரத்தில் எங்கள் தமிழ் நாடகக் குழு ஒரே பழைய சோக நாடகத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடும். ராஜா தன் மகளுக்கே மரண தண்டனை விதிப்பான். தாய் அவள் உடலை மடியில் கிடத்தி அழுவாள். கல்லூரி நாட்களில் நான்தான் மகள். சாவதற்கு முன் முழுப் பாட்டு ஒன்று உண்டு. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும். ஒரே காட்சியில் மூன்று தடவை செத்திருக்கிறேன், வெட்கமே இல்லாமல்.

எத்தனை தடவை செத்தாலும், கடைசியில் மங்களம் பாடி, செத்தவர்களை எழுப்பி நிறுத்தி ஆரத்தி எடுப்பார்கள். சாவு வேஷம் உடம்போடு வீட்டுக்கு வரக் கூடாதாம். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் இயக்குநர் புதியவர், கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. பாட்டு போச்சு, கிரீடம் போச்சு, திரையும் போச்சு. எல்லோருக்கும் கறுப்பு டி-ஷர்ட். அதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். தாய் வேஷம் எனக்கு, மகள் வேஷம் என் சொந்த மகளுக்கு. ஒத்திகையில் அவர் சொன்ன நாடக முடிவுதான் ஒப்பவில்லை.

"மங்களம் வேண்டாங்க மேடம். ஜனங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் செத்தவங்க அப்படியே கிடக்கோணும்."

நாடகம் முடிந்ததும் ஒரு நிமிடமாவது எழுந்து நில் என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன்.

ஞாயிறு மாலை நாடகம் முடிந்து விளக்கு மங்கியது. ஒருவரும் எழவில்லை. பார்க்க வந்த கூட்டம் பழக்கப்படி மங்களத்துக்காகக் காத்திருந்தது. அவர்கள் போகட்டும் என்று இயக்குநர் காத்திருந்தார். நடுவில் என் மடியில் அவள். பாவி, மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. கையைக் கிள்ளினேன். அசையவில்லை.

"எந்திரிம்மா, போதும். வீட்டுக்குப் போலாம் வா."

வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகுதான் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மகள் எழுந்ததும் கிள்ளிய இடத்தைக் காட்டிச் சண்டை போட்டாள். இயக்குநருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாரமும் அந்த வசனம் வேண்டும் என்றார். மகளும் அவர் பக்கம்.

அடுத்த வாரம் அதே இடத்தில், சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். நான் கூப்பிட்டும் அவள் எழக் கூடாது என்பது இப்போது நாடகத்திலேயே இருந்தது. தெரிந்தும், சொல்லி முடித்துவிட்டு அவள் எழுவாள் என்று காத்திருந்தேன்.