தேவி அக்காவுக்குள் யார்?

போன சனிக்கிழமை விழுப்புரத்தில் ஒரு பயிற்சி. எங்கள் பள்ளி ஆசிரியர்களை அனுப்பியிருந்தார்கள். தலைப்பு – ‘உங்களுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொருவர்’. எனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“கண்ணை மூடுங்க... உள்ளே யார் தெரியறாங்க?” என்றார் பயிற்சியாளர்.

எனக்கு ஒரு தலைவர் தெரிந்தார். கூச்சமே இல்லாமல் சொன்னேன். கைதட்டல்! பக்கத்தில் தேவி அக்கா – எங்கள் கணக்கு டீச்சர், அதிர்ந்து பேசாதவர் – “இருட்டாத்தான் இருக்குது சார்” என்றார்.

மாலை, பஸ் ஸ்டாண்ட். திண்டிவனம் போய், அங்கிருந்து ஓமந்தூர் பக்கம் போகும் கடைசி டவுன் பஸ்ஸை அக்கா பிடித்தாக வேண்டும். வீட்டில் பையனுக்குக் காய்ச்சல்.

வந்ததெல்லாம் சென்னை பஸ். எங்கள் திண்டிவனத்துக்காரர்களுக்குப் பழகிப்போன பாட்டுதான் – “திண்டிவனம் ஏறாதே! சென்னை மட்டும் ஏறு!” பாதி சீட் காலி. ஆனாலும் தூரம் போகிறவர்களுக்காகக் காலியாகவே வைத்திருப்பார்கள்.

எனக்குள் இருந்த தலைவர்? கண்டக்டர் சொன்னதும் ஒழுங்காக இறங்கி நின்றார்.

அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“எம்மா, எறங்கு. இது பைபாஸ்ல போற வண்டி, திண்டிவனம் ஊருக்குள்ள போவாது.”

“பைபாஸ்ல போனா திண்டிவனத்த எகிறிக் குதிச்சிடுவியா? மேம்பாலத்தாண்ட எறக்கி வுடுய்யா. சீட்ட காலியா ஓட்டிக்கினு போறியே, காத்துக்கா டிக்கெட் குடுப்ப? புள்ளைக்கு ஜொரம்ன்றேன், எறங்கு எறங்குன்ற... ஜல்தியா விசில குடு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் சிரித்துவிட்டார். “குடுய்யா விசில, நமக்கேன் பேஜாரு!”

நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சூப்பர்க்கா! உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா?” என்றேன்.

“அது நான் இல்ல தம்பி... எங்க மாமியா! அப்படியே அவங்க வாயி, அவங்க இழுப்பு. எந்த வாயப் பாத்து இத்தினி வருசமா பயந்துக்கினு கெடக்கறேனோ, அதுவே எனுக்குள்ள உக்காந்துக்கினு இருக்குது!”

ஒளிந்திருப்பவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். வீரர், கலைஞர், தலைவர்... நமக்குப் பிடிக்காத ஆளின் குரலில் வந்து நின்றால்? விரட்டுவதா – வேலை கொடுப்பதா?

மேம்பாலத்தருகே இறங்கி, ஷேர் ஆட்டோவில் விரைந்து, அக்காவை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது ஜன்னல் வழியே அக்கா எட்டிப் பார்த்தார்.

“அவங்களும் மொதல்ல என்னை மாதிரிதான் இருந்திருப்பாங்க, இல்ல? அவங்கள எத்தினி பஸ்ஸுல எறக்கி வுட்டாங்களோ, பாவம்!”